ஆம்ப்ளிஃபயர் இல்லாத எலெக்ட்ரிக் கிட்டார் பதிவு: வீட்டுக் கணினியில் எதைத் திருத்தலாம், எதைத் திருத்த முடியாது?

பெங்களூரு: எலெக்ட்ரிக் கிட்டாரின் முழுமையான ஒலி வேண்டுமானால் ஆம்ப்ளிஃபயரை உரக்க வைத்தே தீர வேண்டும் என்பது இசைக்கலைஞர்களிடையே நெடுங்காலம் நிலவிய நம்பிக்கை. அடுக்குமாடிக் குடியிருப்புகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் பெங்களூருவில் அதைக் கடைப்பிடிப்பது எளிதன்று. ஒலி மாசு ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாட்டு விதிகள், 2000-இன்படி குடியிருப்புப் பகுதியில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை 55 டெசிபல், அதன்பின் 45 டெசிபல் என்பதே வரம்பு. தனியார் இடத்தில் இயங்கும் ஒலிக்கருவியின் சத்தம், அந்த இடத்தின் எல்லையில் இந்த வரம்பை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. கிட்டாருக்கென உருவாக்கப்பட்ட 12 அங்குல ஸ்பீக்கரோ, ஒரே ஒரு வாட் மின்திறனில் ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 100 டெசிபல் ஒலி எழுப்பக்கூடியது.

பகலில் அலுவலகம், இரவில் இசை என்று வாழ்வோர் நிறைந்த நகரம் இது. 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டன் இசைக்குழுவையும் 2011 அக்டோபரில் மெட்டாலிகாவையும் அரண்மனை மைதானத்தில் வரவேற்ற ஊர். 1996 முதல் இயங்கிவரும் 'தெர்மல் அண்ட் எ குவார்ட்டர்', கர்நாடக இசையை ராக் இசையோடு இணைக்கும் 'அகம்' ஆகிய குழுக்களின் தாயகமும் இதுவே. இங்கே கிட்டார் கற்கும் இளைஞர் ஒருவர் தம் வாசிப்பைப் பதிவு செய்ய விரும்பினால், கிட்டாரை நேராகக் கணினியில் இணைத்து ஹெட்போனில் கேட்டபடி வாசிப்பதே அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவில்லாத வழி.

இந்த முறையில் பலரும் முதலில் கவலைப்படுவது எந்த ஆம்ப்ளிஃபயர் மென்பொருளை வாங்குவது என்பதைப் பற்றித்தான். உண்மையில் அது கடைசியாக முடிவு செய்ய வேண்டிய விஷயம். மென்பொருள் தரும் ஒலியை ஆறு மாதம் கழித்தும் மாற்றிக்கொள்ளலாம். கிட்டாரிலிருந்து கணினிக்குச் செல்லும் சில மீட்டர் கேபிளிலும் அதன் முனையில் உள்ள கருவியிலும் நேரும் இழப்பைப் பின்னர் எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்க முடியாது.

பழைய வழக்கமே

கிட்டாரை ஆம்ப்ளிஃபயர் இன்றிப் பதிவு செய்வது கணினிக் காலத்தின் கண்டுபிடிப்பன்று. 1968-இல் வெளியான பீட்டில்ஸ் குழுவின் 'ரெவல்யூஷன்' பாடலில் கேட்கும் கரகரப்பான கிட்டார், லண்டன் அபே ரோடு ஒலிக்கூடத்தின் கலவை மேசையில் நேரடியாக இணைக்கப்பட்டு, அதன் மின்சுற்று தாங்கும் அளவுக்கு மேல் செலுத்தப்பட்டதால் பிறந்தது. போலராய்டு நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் டாம் ஷோல்ஸ், 'பாஸ்டன்' குழுவின் 1976-ஆம் ஆண்டு முதல் ஆல்பத்தின் பெரும்பகுதியைத் தம் வீட்டின் நிலவறையில்தான் பதிவு செய்தார். ஹெட்போனில் கேட்டபடி கிட்டார் வாசிக்க உதவும் 'ராக்மேன்' என்ற கையடக்கக் கருவியை 1982-இல் சந்தைக்குக் கொண்டுவந்தவரும் அவரே. 1998-இல் அமெரிக்காவின் லைன் 6 நிறுவனம், பல ஆம்ப்ளிஃபயர்களின் ஒலியை எண்ம முறையில் போலி செய்யும் 'பாட்' கருவியை வெளியிட்டது. அவரை விதை வடிவச் சிவப்புப் பெட்டியான அது, படுக்கையறைப் பதிவு என்ற பழக்கத்தை உலகெங்கும் பரப்பியது.

இந்தியாவில் இதற்குச் சிறந்த சான்று டெல்லியைச் சேர்ந்த கிட்டார் கலைஞர் கேசவ் தர். அவர் வீட்டில் தனியாகத் தொடங்கிய பதிவு முயற்சியே பின்னர் 'ஸ்கைஹார்பர்' இசைக்குழுவாக வளர்ந்தது. அதன் முதல் ஆல்பம் 2012-இல் பிரிட்டனின் பேசிக் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் வழியாக வெளிவந்தது. பாடகர்களில் ஒருவரான டேனியல் டாம்ப்கின்ஸ் இங்கிலாந்தைச் சேர்ந்தவர். மெகாடெத் குழுவின் முன்னாள் கிட்டார் கலைஞர் மார்ட்டி ஃப்ரீட்மன் சிறப்பு விருந்தினராக வாசித்திருந்தார். உறுப்பினர்கள் வெவ்வேறு நாடுகளில் வசித்தபோதும் ஆல்பம் உருவாக, வீட்டுக் கணினியும் இணையமும் போதுமானவையாக இருந்தன. தமிழ்த் திரையிசை ரசிகர்களுக்கு வீட்டு ஒலிக்கூடம் என்பது புதிய செய்தியும் அன்று, ஏ.ஆர். ரஹ்மான் சென்னையில் தம் வீட்டை ஒட்டி அமைத்த ஒலிக்கூடத்திலிருந்துதான் 1992-இல் 'ரோஜா' பாடல்கள் பிறந்தன.

முதல் சில மீட்டர்

எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகளுக்குக் கீழே இருக்கும் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி முடியைவிட மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான முறை சுற்றி அமைக்கப்பட்ட சுருள். எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. அந்த மாற்றம் சுருளில் சிறிய மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. சாதாரண வாசிப்பில் இது சில நூறு மில்லிவோல்ட் அளவே இருக்கும்.

சுருளுக்கு ஒரு குணம் உண்டு. அதிர்வெண் உயர உயர, மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பும் உயர்கிறது. 2.5 ஹென்றி தூண்டமும் 6 கிலோ ஓம் மின்தடையும் கொண்ட ஒரு பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். தூண்டத்தால் வரும் எதிர்ப்பு 100 ஹெர்ட்ஸில் சுமார் 1.6 கிலோ ஓம். 4,000 ஹெர்ட்ஸிலோ அது 63 கிலோ ஓமை எட்டுகிறது. இத்தகைய பிக்கப்பை 10 கிலோ ஓம் உள்ளீட்டு மின்மறுப்பு கொண்ட சாதாரண 'லைன்' துளையில் செருகினால் என்ன ஆகும்? கேபிளின் விளைவை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால், 100 ஹெர்ட்ஸ் ஒலியில் சுமார் 62 விழுக்காடு மின்னழுத்தம் கருவிக்குள் செல்கிறது. 4,000 ஹெர்ட்ஸ் ஒலியில் சுமார் 15 விழுக்காடுதான் செல்கிறது. கிட்டாரின் பளபளப்பும் விரல் தொடும் கூர்மையும் இருக்கும் பகுதி அதுவே. போர்வைக்குள்ளிருந்து வாசித்தது போன்ற மந்தமான ஒலி வருவதன் காரணம் இதுதான். கிட்டாரின் மீதோ மென்பொருளின் மீதோ பழி போடுவதில் பயனில்லை.

கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களின் உள்ளீடு வழக்கமாக 10 லட்சம் ஓம், அதாவது 1 மெகா ஓம் மின்மறுப்பு உடையது. அந்த எதிர்ப்பின் முன்னால் பிக்கப்பின் 63 கிலோ ஓம் பெரிதாகத் தெரிவதில்லை. எனவே கணினியோடு யுஎஸ்பி வழியாக இணைக்கப்படும் ஆடியோ இன்டர்ஃபேஸ் கருவியை வாங்குவோர், அதில் கிட்டாருக்கான தனி உள்ளீடு இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். சில கருவிகளில் அது 'இன்ஸ்ட்' என்றும் சிலவற்றில் 'ஹை-இசட்' என்றும் குறிக்கப்பட்டிருக்கும். பல கருவிகளில் ஒரே துளை இரண்டு வேலைகளையும் செய்யும். பொத்தானை அழுத்தினால்தான் கிட்டார் உள்ளீடாக மாறும். அந்தப் பொத்தானை அழுத்த மறந்து, ஒலி சரியில்லை என்று புதிய பிக்கப் வாங்கச் செல்வது வீண் செலவு.

எஸ்.பி. சாலைக் கணினிக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஒரு சிறிய மாற்று இணைப்பானைக் கொண்டு கிட்டார் கேபிளை மடிக்கணினியின் மைக் துளையிலேயே செருகிவிடலாம். ஒலி வரும், ஆனால் அந்தத் துளை, மைக்கை இயக்கச் சிறு மின்னழுத்தம் தரும் வகையில் வடிவமைக்கப்பட்டது. பயிற்சிக்கு அது போதும். பதிவுக்குப் போதாது.

கேபிளும் பதிவின் ஒரு பகுதியே. அதன் ஒவ்வொரு மீட்டரும் பொதுவாக 100 பிக்கோஃபாரட் அளவிலான மின்தேக்குத்திறனைச் சேர்க்கிறது. நீளம் கூடக்கூட உயர் அதிர்வெண்கள் தேய்கின்றன. கணினிக்கு அருகில் அமர்ந்து வாசிப்பவருக்கு மூன்று மீட்டர் போதும். மேடைக்கு வாங்கிய பத்து மீட்டர் கேபிளைச் சுருட்டி மேசையடியில் போட்டு வைக்க வேண்டியதில்லை.

அளவு மீறினால் மீட்சி இல்லை

இன்டர்ஃபேஸின் முகப்பில் உள்ள 'கெயின்' குமிழை எங்கே நிறுத்துவது என்பது அடுத்த கேள்வி. நாடா யுகத்தில், சிவப்பு விளக்கைத் தொட்டுவிடும் அளவுக்கு உரக்கப் பதிவு செய்வது நல்லது என்பார்கள். நாடாவின் இரைச்சலை அது மறைத்தது. 24 பிட் பதிவில் அந்தக் கட்டாயம் இல்லை. ஒவ்வொரு பிட்டும் ஏறத்தாழ 6 டெசிபல் இடம் தருவதால், கோட்பாட்டளவில் 144 டெசிபல் வரை இடமிருக்கிறது. மிகப் பலமாக மீட்டும்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபல் அருகே நின்றால் போதுமானது. பூஜ்யத்தைத் தாண்டினால் அலையின் முனைகள் வெட்டப்படுகின்றன. அந்த வெட்டு, ஆம்ப்ளிஃபயர் தரும் இனிய கரகரப்பு அன்று. காதைக் கீறும் உடைசல். நல்ல வாசிப்பு ஒன்று இதனால் பாழானால், மீண்டும் வாசிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பமும் உண்டு. ஆம்ப்ளிஃபயர் மென்பொருள்கள் ஒரு குறிப்பிட்ட உள்ளீட்டு அளவை எதிர்பார்த்து உருவாக்கப்படுகின்றன. அளவு குறைந்தால் ஒலி உயிரற்றுத் தோன்றும். கூடினால் தேவைக்கு மேல் கரகரக்கும். மென்பொருளில் உள்ள உள்ளீட்டுக் குமிழைக் கொண்டு இதைப் பதிவுக்குப் பின்னரும் சரிசெய்யலாம். ஆகவே பதிவின்போது பாதுகாப்பான அளவிலேயே இருப்பது நல்லது.

மின்சாரம் எழுப்பும் 'உம்ம்'

பெங்களூரு வீடுகளில் பதிவைக் கெடுக்கும் முதல் எதிரி மின்சாரமே. இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. பிக்கப் சுருள், கம்பியின் அதிர்வை மட்டுமன்றி அறையிலுள்ள மின்காந்தப் புலத்தையும் பிடித்துக்கொள்கிறது. ஒற்றைச் சுருள் பிக்கப் கொண்ட கிட்டாரில் இந்த இரைச்சல் எப்போதும் ஓரளவு இருக்கும். கிப்சன் நிறுவனப் பொறியாளர் செத் லவர் 1950-களில் உருவாக்கிய 'ஹம்பக்கர்', இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து இரைச்சலைக் கழித்துவிடுகிறது. அதன் பெயரே இரைச்சலை விரட்டுவது என்ற பொருளில் அமைந்ததுதான்.

மின்விசிறியின் மின்னணு ரெகுலேட்டர், வெளிச்சத்தைக் குறைக்கும் டிம்மர், மலிவான எல்இடி விளக்கு ஆகியவை 'உம்ம்' ஒலியோடு ஒரு 'ஜிர்ர்' ஒலியையும் சேர்க்கின்றன. மின்தடை நேரத்தில் வீட்டு இன்வெர்ட்டரில் பதிவு செய்வோர் கூடுதல் எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும். சதுர அலை தரும் பழைய வகை இன்வெர்ட்டர், 50 ஹெர்ட்ஸோடு 150, 250, 350 என ஒற்றைப்படை மடங்குகளையும் வாரி இறைக்கும். இவை கிட்டாரின் இசைப்பரப்புக்குள்ளேயே விழுவதால், வடிகட்டினால் இசையும் சேர்ந்தே போகும். சைன் அலை இன்வெர்ட்டரில் இந்தச் சிக்கல் குறைவு.

இதற்கான தீர்வுகள் செலவில்லாதவை. மின்விசிறியை நிறுத்துவது, மானிட்டரிலிருந்து ஒரு மீட்டர் விலகி அமர்வது, நாற்காலியை மெல்லத் திருப்பி இரைச்சல் குறையும் திசையைக் கண்டறிவது, மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் பதிவு செய்வது ஆகியவற்றிலேயே பெரும்பாலான இரைச்சல் அடங்கிவிடும்.

சார்ஜரைக் கழற்றியதும் இரைச்சல் நின்றுவிட்டால் வீட்டின் எர்த் இணைப்பைச் சோதிப்பது நல்லது. கிட்டாரின் கம்பிகள் கேபிள் வழியாகக் கணினியின் உலோக உடலோடு மின்தொடர்பு கொண்டவை. இரண்டு முள் சார்ஜரில் இயங்கும் கணினியைத் தொடும்போது உணரப்படும் சிறு சுரீர், சார்ஜரின் வடிகட்டிகள் வழியே கசியும் மிகச் சிறிய மின்னோட்டம். அது பெரும்பாலும் தீங்கற்றது. மூன்று முள் கருவிகளில் எர்த் இல்லாதிருப்பதோ, இரைச்சலைத் தவிர்க்க எர்த் முள்ளை உடைத்துவிடுவதோ வேறு வகை. அக்கருவியில் பழுது நேர்ந்தால், மின்சாரம் பாயும் பாதையில் வாசிப்பவரின் விரல்கள் இருக்கும். இதைச் சோதிக்க வேண்டியவர் உரிமம் பெற்ற மின்பணியாளர்; இணைய வீடியோ அன்று.

தாமதத்தின் கணக்கு

மீட்டிய ஒலி கணினிக்குள் சென்று, கணக்கிடப்பட்டு, ஹெட்போனுக்குத் திரும்ப நேரமாகிறது. கணினி ஒலியைத் துளித்துளியாக அன்றி, 'பஃபர்' எனப்படும் சிறு தொகுதிகளாகக் கையாள்கிறது. விநாடிக்கு 48,000 மாதிரிகள் என்ற வேகத்தில் 128 மாதிரிகள் கொண்ட பஃபருக்கு 2.7 மில்லி விநாடி ஆகும். 512 மாதிரிகளுக்கு 10.7 மில்லி விநாடி. உள்ளே செல்லவும் வெளியே வரவும் இது இருமுறை நிகழ்கிறது. கருவியின் சொந்தத் தாமதமும் அதோடு சேரும்.

மொத்தம் 10 மில்லி விநாடிக்குள் இருந்தால் பெரும்பாலோர் இடையூறாக உணர்வதில்லை. காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. மேடையில் மூன்றரை மீட்டர் தள்ளி ஆம்ப்ளிஃபயரை வைத்து வாசிப்பவரும் இதே தாமதத்தோடுதான் வாசிக்கிறார். 25 மில்லி விநாடியைத் தாண்டினால் கை தயங்கத் தொடங்கும், தாளம் இழுபடும். இப்படிப் பதிவான வாசிப்பு, தாளம் தெரியாதவர் வாசித்தது போலிருக்கும்.

விண்டோஸ் கணினிகளில் இதற்காகவே ஸ்டெய்ன்பெர்க் நிறுவனம் 1997-இல் அறிமுகப்படுத்திய 'ஆசியோ' முறையை இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளரின் டிரைவர் வழியாகப் பயன்படுத்த வேண்டும். மேக் கணினிகளில் தனி ஏற்பாடு பெரும்பாலும் தேவைப்படாது. பதிவின்போது பஃபரைக் குறைத்தும், பின்னர் பல தடங்களைக் கலக்கும்போது கூட்டியும் வைத்துக்கொள்வது வழக்கம். புளூடூத் ஹெட்போனை மட்டும் இந்த வேலையில் தவிர்த்தாக வேண்டும். அதன் தாமதத்தை எந்த அமைப்பாலும் போதுமான அளவு குறைக்க இயலாது.

பெட்டியின் ஒலி

நேரடியாகப் பதிவான கிட்டாரைக் கரகரப்பு மென்பொருளில் மட்டும் செலுத்தினால் தேனீக் கூட்டம் போன்ற ஒலியே கிடைக்கும். கிட்டார் ஸ்பீக்கர், வீட்டு ஸ்பீக்கரைப் போல எல்லா அதிர்வெண்களையும் எழுப்புவதில்லை. 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதன் ஒலி வேகமாகச் சரிகிறது. அந்தக் குறைதான் கரகரப்பை இசையாக்குகிறது. ஒரு ஸ்பீக்கர் பெட்டியும் அதன்முன் வைத்த மைக்கும் ஒலியை எப்படி மாற்றுகின்றன என்பதைப் பதிந்து வைத்த சிறு கோப்பை 'இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்' என்பர். ஒரு நொடியின் சிறு பகுதியே நீளமுள்ள அந்தக் கோப்பை மாற்றினால், ஆம்ப்ளிஃபயரை மாற்றுவதைவிடப் பெரிய வேறுபாடு கேட்கும்.

ஆம்ப்ளிஃபயரைப் போலி செய்வதில் அண்மைக் காலத்தில் நரம்பியல் வலையமைப்புகள் நுழைந்துள்ளன. ஸ்டீவன் ஆட்கின்சன் உருவாக்கி இலவசமாகத் திறந்துவிட்ட 'நியூரல் ஆம்ப் மாடலர்', சில நிமிடச் சோதனை ஒலியை உண்மையான ஆம்ப்ளிஃபயரில் செலுத்தி, உள்ளே சென்றதையும் வெளியே வந்ததையும் ஒப்பிட்டுக் கற்கிறது. இதன் அடிப்படைகளுள் ஒன்று, பேச்சொலியை உருவாக்குவதற்காக டீப்மைண்ட் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட 'வேவ்நெட்' அமைப்பு. விலையுயர்ந்த மென்பொருள் இல்லாவிட்டால் நல்ல ஒலி இல்லை என்ற வாதம் இதன்பின் வலுவிழந்துவிட்டது.

கமகத்தை விழுங்கும் கதவு

இரைச்சலை மறைக்கப் பலரும் 'நாய்ஸ் கேட்' என்ற வசதியை நாடுகின்றனர். ஒலி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் அது கதவை மூடிவிடும். வெட்டி வெட்டி வாசிக்கும் மெட்டல் இசைக்கு இது பொருந்தும். கர்நாடக இசைக்கு இது பகை. ஒருமுறை மீட்டி, கம்பி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே விரலை இழுத்து அடுத்தடுத்த சுரங்களைத் தொடுவதில்தான் கமகம் இருக்கிறது. கடைசிச் சுரம் வரும்போது ஒலி தேய்ந்திருக்கும். அப்போது கதவு மூடினால் ராகத்தின் வால் அறுந்துபோகும்.

மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் மின்சார மாண்டலினையும், ராணிப்பேட்டையில் பிறந்த ஆர். பிரசன்னா எலெக்ட்ரிக் கிட்டாரையும் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தபோது, இந்த நீண்டு ஒலிக்கும் தன்மையே அவர்களுக்குத் துணையாக இருந்தது. அந்த மரபில் வாசிக்க விரும்புவோர் இரைச்சலை அதன் பிறப்பிடத்திலேயே குறைப்பதும், கதவைப் பாடல் தொடங்குவதற்கு முன்னும் முடிந்த பின்னும் மட்டும் பயன்படுத்துவதும் தக்கது.

ராக் பாடல்களில் இடமும் வலமும் அகன்று ஒலிக்கும் கிட்டார் வேண்டுவோர், ஒரே பதிவைப் பிரதியெடுத்து இருபுறமும் வைத்தால் அகலம் கிடைக்காது. ஒலி நடுவிலேயே நின்று சத்தம் மட்டும் கூடும். அதே பகுதியை இரண்டாம் முறை வாசித்துப் பதிவு செய்தாக வேண்டும். இரு வாசிப்புகளுக்கும் இடையிலான மிகச் சிறிய வேறுபாடே அகலமாகக் கேட்கிறது.

அழிக்கக் கூடாத கோப்பு

மென்பொருள் வழியாகக் கேட்டுக்கொண்டே வாசித்தாலும், வட்டில் சேமிக்கப்பட வேண்டியது எந்த எஃபெக்டும் சேராத கிட்டாரின் மூல ஒலியே. ஒலிப்பதிவாளர்கள் இதை 'டிஐ' என்பர். ரீப்பர், கராஜ்பேண்ட் போன்ற பதிவு மென்பொருள்கள் இயல்பாகவே இப்படித்தான் சேமிக்கின்றன. இன்டர்ஃபேஸிலோ தனிக் கருவியிலோ எஃபெக்டைச் சேர்த்து அனுப்பினால்தான் மூலம் கிடைக்காமல் போகும்.

மூலம் கையிலிருந்தால், நள்ளிரவில் ஹெட்போனில் வாசித்த பகுதியை மறுவாரம் ஏதேனும் ஒலிக்கூடத்துக்கு எடுத்துச் சென்று, 'ரீஆம்ப்' பெட்டி வழியாக உண்மையான ஆம்ப்ளிஃபயரில் ஒலிக்கவிட்டு மைக் வைத்துப் பதியலாம். வாடகை அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டுமே. வாசிப்பதற்கான நேரம் முழுவதும் வீட்டிலேயே கழிந்துவிட்டது. வேறொரு நாட்டிலுள்ள கலவைப் பொறியாளருக்கும் அதே கோப்பை அனுப்பலாம். 48,000 மாதிரி வேகத்தில், 24 பிட் ஆழத்தில், ஒரு தடத்துக்கு நிமிடத்துக்கு 8.64 மெகாபைட் இடம் தேவைப்படுகிறது. ஐந்து நிமிடப் பாடலின் டிஐ பதிவு சுமார் 43 மெகாபைட்.